மாத்திப் போட்டது

பழைய பிஸ்கட் டப்பா ஒன்றின் மூடிக்கு உட்புறத்தில் ஒட்டியிருந்தது அந்தப் புகைப்படம். டப்பாவுக்குள் அளவு நாடா, பாபின், கொக்கி, சாக்பீஸ் துண்டுகள், ஒரு சின்னக் கத்தரிக்கோல். ஏதாவது ஒன்றை எடுப்பதற்காக டெய்லரக்கா மூடியைத் திறக்கும்போதெல்லாம், இருபது வயது டெய்லரக்கா ஒரு கணம் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விடுவார். கறுப்பு வெள்ளைப் படம். பின்னால் திரையில் வரைந்த மாடிக் கைப்பிடிச் சுவர், அதன்மேல் ஒரு நிலா. பக்கத்தில் முக்காலி மீது பிளாஸ்டிக் ரோஜா. நடுவில், யாரோ அதட்டி நிறுத்தியதைப் போன்ற முகத்தோடு ஒரு பெண். இடது கன்னத்தில் மச்சம். இரு தோள்களிலும் கூடை கவிழ்த்தாற்போல் உப்பிய கைகள். நுணுக்கமாக மடித்து ஊக்குக் குத்திய முந்தானை வலது தோளில். அந்த வலது தோள்தான் என்னை ஒரு பெரும் பிழைக்கு அழைத்துச் சென்றது.

சமூகப் பணியில் முதுகலைப் படிப்பை முடித்த கையோடு நான் திருத்தணிக்கு வேலைக்கு வந்தேன். ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கிய பெண்கள் தையல் குழுவை நடத்துவது என் பொறுப்பு. ரயில் நிலையத்திலிருந்து மலையடிவாரத்துக்குப் போகும் வழியில், ஒரு மளிகைக் கடையின் மாடியில் எங்கள் அறை. ஆறு பெண்கள், ஆறு தையல் இயந்திரங்கள். வெட்டுவதும் அளவு எடுப்பதும் ஏழாமவரான டெய்லரக்காவின் வேலை. இயந்திரங்கள் எங்களுக்குச் சொந்தமல்ல. ஓராண்டுக்குள் நிலையான வேலையைப் பிடித்துக் காட்டினால் அவை குழுவுக்கே உரியவை. இல்லையென்றால் வேறு ஊருக்கு ஏற்றி அனுப்பப்படும் என்பது ஏற்பாடு. நான் சேர்ந்தபோது ஏழு மாதங்கள் கழிந்திருந்தன. அதுவரை வந்த வேலையெல்லாம் பள்ளிச் சீருடைக்குக் கால் மடிப்பதும், சேலைக்கு ஓரம் அடிப்பதும்தான்.

டெய்லரக்கா பள்ளிப்பட்டில் நெசவுக் குடும்பமொன்றில் பிறந்து, திருத்தணியில் வாழ்க்கைப்பட்டவர். ஐம்பதைக் கடந்தவர். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழுமாகப் பேசிப் பழகியதால் என்னை 'அம்மாயி' என்றே அழைப்பார். அந்தப் பக்கத்துத் தெலுங்கில் பெண்பிள்ளையைக் கூப்பிடும் சொல் அது. துணியை விரித்து அவர் குனிந்து கோடு போடும்போது சாக்பீஸ் தூள் பறந்து, வலது கன்னத்து மச்சத்தின்மேல் வெள்ளையாகப் படியும். புறங்கையால் துடைத்துக்கொண்டே அடுத்த கோட்டைப் போடுவார். ஒவ்வொரு நாளும் நான் எதிரில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தேன் என்று சொல்வதைவிட, என் கண் முன்னால் அது நடந்துகொண்டிருந்தது என்பதே சரி.

பழைய பாணி உடைகள் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. சென்னையில் என்னோடு படித்தவர்கள் தங்கள் அம்மாக்களின் அலமாரியைக் குடைந்து, பூப்போட்ட நைலக்ஸ் சேலையையும் கழுத்து மூடிய ஜாக்கெட்டையும் உடுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் ஈர்ப்பும் இருந்தது, தயக்கமும் இருந்தது. இருக்கிற துணியை மறுபடி உடுத்துவது நல்லதுதான். ஆனால் பழையதைப் போலத் தோன்றுவதற்காகவே புதிய துணியை வாங்கிக் குவிப்பதால் யாருக்கு நன்மை? இந்தக் கேள்வியோடு ஒருநாள் அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அக்கா டப்பாவைத் திறந்தார். மூடியில் இருந்த பெண்ணை அன்றுதான் நான் உற்றுப் பார்த்தேன்.

"அக்கா, இது நீங்களா?"

"பின்ன யாரு, உங்க காலேஜ் டீச்சரா? கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது. பாவா வூட்டுக்குக் காட்டறதுக்கு."

பாவா என்பது அவருடைய கணவர். அக்கா அப்படி அழைப்பதைக் கேட்டுக் கேட்டு, குழுவில் எல்லோருக்குமே அவர் பாவாதான்.

அந்த ஜாக்கெட்டை அக்காவே தைத்ததாம். நாங்கள் பஃப் கை என்பதை அவர் 'புட்டக் கை' என்றார். தெலுங்கில் புட்ட என்றால் கூடை. அதைப் போட்டுக்கொண்டு முதன்முதலாகத் தெருவில் நடந்த அன்று அவருடைய நைனா, அதாவது அப்பா, வாசலிலேயே மறித்து, "இன்னாது இது, கையில பலூன் கட்டிகினு போற?" என்று திட்டினாராம். தறிக்கூடத்தில் எல்லோரும் சிரித்தார்களாம். இரண்டே மாதத்தில் அந்தத் தெருவில் இருந்த எல்லாப் பெண்களும் அதே கையைத் தைத்துத் தரச்சொல்லி வந்து நின்றார்களாம். நான் கைப்பேசியில் படத்தைப் படம் எடுத்துக்கொண்டு, இதை நம் குழுவின் அடையாளமாக்கலாம், இந்த ஊரின் பழைய பாணியை மீட்டெடுக்கலாம் என்று சொன்னேன். அக்கா கத்தரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நேத்து தெச்சா மாதிரி கீது எனக்கு. அதுக்குள்ள நான் பழைய காலமா?"

ஆறு இயந்திரங்களும் நின்று, ஆறு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கி இயந்திரங்கள் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "முந்தானை ஏன்க்கா வலது தோள்ல இருக்குது?" அக்காவின் உதடுகளுக்கு நடுவே இரண்டு குண்டூசிகள் இருந்தன. அவற்றை எடுக்காமலே சொன்னார்: "அதுவா, ஸ்டூடியோக்காரன் மாத்திப் போட்டுட்டான்."

இந்த மூன்று சொற்களிலிருந்து நான் ஒரு சரித்திரத்தையே எழுப்பினேன். ஸ்டூடியோக்காரர் முந்தானையை மாற்றிப் போட்டுவிட்டார். அப்படியென்றால், படம் எடுக்க வரும் பெண்களுக்கு முந்தானையை வலது தோளில் அணிவித்து நிறுத்தும் வழக்கம் இந்த எல்லைப்புற ஊரில் இருந்திருக்கிறது. தமிழும் தெலுங்கும் கலக்கும் இடத்தில் உருவான தனித்த உடுத்துமுறை அது. இவ்வளவையும் நான் யாரையும் கேட்டுச் சரிபார்க்கவில்லை. படித்த படிப்பு, ஒன்றைக் கண்டதும் அதற்குக் காரணம் சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தது. எதிரில் இருப்பவரிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்க நான் கற்கவில்லை.

மலையடிவாரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் குழுவின் சார்பாகச் சிறு கண்காட்சி வைத்தோம். படத்தை டப்பா மூடியிலிருந்து கவனமாகப் பிரித்தெடுத்துச் சட்டம் போட்டு, அதன் கீழே அட்டையில் என் கையெழுத்தில், 'திருத்தணி வட்டாரத்தின் வலத்தோள் முந்தானையும் புட்டக் கை ரவிக்கையும்' என்று தொடங்கி ஒரு பத்தி எழுதி வைத்தேன். கிருத்திகைக்கு மலையேறி இறங்கிய கூட்டத்தில் பலர் உள்ளே வந்தார்கள். அவர்களில் ஒருத்தி பள்ளிப்பட்டுப் பெண். சென்னையில் வேலை செய்பவள், அடுத்த மாதம் திருமணம். அட்டையை இருமுறை படித்தாள். வரவேற்பு அன்று தன்னையும் சேர்த்துத் தன் பக்கத்துப் பெண்கள் இருபத்து நான்கு பேரும் இதே கோலத்தில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அதுதான். கெடு முடிய ஐந்து வாரங்கள் இருந்தன. அது நல்லபடியாக முடிந்தால் இயந்திரங்கள் எங்களிடமே நிற்கும், கெட்டால் போகும். இது ஆறு பெண்களுக்கும் தெரியும்.

ஜாக்கெட்டுக்கு அலங்காரம் வேண்டுமே என்று யோசித்தபோது, பள்ளிப்பட்டு விசைத்தறிகளில் வெட்டிப் போடும் ஜரிகைக் கரைத் துண்டுகள் என் நினைவுக்கு வந்தன. வீணாகிற பொருளுக்கு ஒரு பயன். துண்டுகள் அதிகம் கிடைக்கவில்லை என்பதால் ஒரு கையில் மட்டும் வைக்கலாம் என்றேன். முந்தானை மூடப்போகிற வலது கைக்கு ஜரிகை எதற்கு? வெளியே தெரியப்போகிற இடது கைக்கு மட்டும் போதும். அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். ஏதோ கேட்க வருவதைப் போலிருந்தது. பிறகு, "சரி, நீ சொல்றா மாதிரியே போட்டுடறேன்" என்று குனிந்து வெட்டத் தொடங்கினார். இருபத்து நான்கு அளவு ஜாக்கெட்டுகள் வந்து சேர்ந்தன. இருபத்து நான்கு ஜாக்கெட்டுகளும் திருமணத்துக்கு நான்கு நாள் முன்னதாகவே தைத்து முடிந்து, கொக்கி வைத்து, தேய்த்து, மடித்து அடுக்கப்பட்டன.

அன்று மதியம் பாவா வந்தார். அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுவரும் சாக்கில் தினமும் கீழே வரைக்கும் வருவார். மாடி ஏறியது அன்றுதான். சட்டம் போட்ட படத்தையும் அட்டையையும் கண்காட்சி முடிந்ததும் அறைச் சுவரில் நான் மாட்டியிருந்தேன். பாவா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அட்டையை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பாதியில் தோள்கள் குலுங்கின. முடிக்கும்போது சிரிப்புத் தாங்காமல் துணிக்கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாம்மா எழுதிக் கீற? இது ஸ்டூடியோக்காரன் பிலிமைத் திருப்பி வெச்சுப் படம் போட்டது மா. வலது எடதாப் பூட்சி, எடது வலதாப் பூட்சி."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் விளக்கினார். இந்தப் படத்தைத்தான் அவர் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பெண் பார்க்கப் போன அன்று அவருடைய அம்மா அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "படத்துல மச்சம் எடது கன்னத்துல கீது. நேர்ல வலது கன்னத்துல கீது. எங்கம்மா என் காதுல சொல்றாங்க, டேய், பொண்ணை மாத்திட்டாங்கடா, அக்காளைக் காட்டித் தங்கச்சியைக் குடுக்கறாங்கடான்னு. இவங்க வூட்ல ஒரே பொண்ணு. அது தெரியாத நாங்க எய்ந்து வெளிய வந்துட்டோம்." அக்காவின் நைனா பின்னாலேயே ஓடிவந்து, எல்லோரையும் ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போய், பிலிமை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய பிறகுதான் பேச்சுவார்த்தை தொடர்ந்ததாம். "அப்பவும் நான் சொன்னேன், எந்தக் கன்னமா இருந்தா இன்னா, எனக்கு இந்தப் பொண்ணுதான்னு."

"ஆங், சொன்னீங்க. வூட்டுக்கு வந்து சொன்னீங்க. அங்க வாயே தெறக்கல" என்றார் அக்கா.

நான் சுவரைப் பார்த்தேன். பிறகு அக்காவைப் பார்த்தேன். மாதக்கணக்கில் எதிரே உட்கார்ந்திருந்த முகம். மச்சம் வலது கன்னத்தில்தான் இருந்தது. 'மாத்திப் போட்டுட்டான்' என்று அக்கா அன்று சொன்னது படம் போட்டதை. நான் கேட்டது முந்தானை போட்டதை. அந்த முந்தானை எல்லோரையும் போல இடது தோளில்தான் இருந்திருக்கிறது. அடுக்கிவைத்த இருபத்து நான்கு ஜாக்கெட்டுகளின் இடது கைகளில் ஜரிகை மின்னிக்கொண்டிருந்தது.

"அப்புறம் ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லாம தெச்சீங்க?" என்று கேட்டேன். கேட்ட தொனியில் குற்றச்சாட்டு இருந்ததை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே. நீ அதுக்கு அப்புறமும் வலது பக்கம்னா, இது இப்பத்தி ஃபேஷன் போலன்னு நெனச்சேன். படிச்ச பொண்ணு, தெரியாமயா சொல்லும்னு உட்டுட்டேன்."

என் படிப்பு எனக்குச் செய்த கெடுதலைவிட, அக்காவின் வாயை அது அடைத்ததுதான் என்னை அதிகம் வருத்தியது. நான் அங்கே போனது அந்தப் பெண்களின் குரல் எழும்ப வேண்டும் என்பதற்காக.

அறையில் உடனே யோசனைகள் கிளம்பின. சொல்லாமலே கொடுத்துவிடலாம் என்றார் ஒருவர். "அவங்க வலது தோள்ல போட்டுக்கறோம்னுதான கேட்டாங்க? போட்டுகினு போட்டும். யாருக்குத் தெரியப் போவுது?" அது முழுவதும் தவறான யோசனையும் அல்ல. நான் வாயைத் திறக்காவிட்டால் வேலை முடியும், இயந்திரங்கள் நிற்கும். ஆனால் திருமணத்தில் யாராவது வயதானவர், இது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டால், தலைகுனிந்து நிற்கப் போவது அந்தப் பெண். எங்கள் அட்டையை நம்பியதைத் தவிர அவள் ஒரு தவறும் செய்யவில்லை. மறுபுறம், உண்மையைச் சொல்லி அவர்கள் மறுத்துவிட்டால், என் தவறுக்காக ஆறு பெண்கள் தங்கள் இயந்திரங்களை இழப்பார்கள். இரண்டையும் எடைபோட்டபடி நான் நின்றுகொண்டிருந்தேன். அக்கா ஒரு ஜாக்கெட்டை எடுத்து, உட்புறம் திருப்பி, கைத் தையலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு, "பஸ்ஸுக்குக் கிளம்பு அம்மாயி. போய்ச் சொல்லிடலாம்" என்றார்.

பள்ளிப்பட்டுப் பேருந்தில் ஜாக்கெட் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வந்த அந்தப் பயணம் முழுவதும் நான் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து கரும்பு லாரிகளை எண்ணிக்கொண்டு வந்தார். கல்யாண வீட்டில் மணப்பெண்ணும் அவளுடைய அம்மாவும் பலகாரத் தட்டுகளுக்கு நடுவே இருந்தார்கள். நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்: படம் திரும்பிய கதை, நான் விசாரிக்காமல் எழுதியது, ஜரிகை தவறான கையில் இருப்பது. மணப்பெண் பாதியிலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டாள். அவள் அம்மா சிரிக்கவில்லை. வலது தோள் விஷயமே அவருக்கு அப்போதுதான் தெரியவந்தது.

"சம்பந்தி வூட்டுக்காரங்க முன்னாடி இருபத்து நாலு பொம்பளைங்க முந்தானையை மாத்திப் போட்டுகினு நிக்கறதா? நல்லவேளை சொன்ன. இந்த ஜாக்கெட்டே வேணாம், எடுத்துகினு போம்மா. கடையில ரெடிமேடா வாங்கிக்கறோம்."

அக்கா எந்தச் சலனமும் இல்லாமல் தரையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். மூடியில், படம் இருந்த இடத்தில், பசையின் தழும்பு மட்டும் சதுரமாக இருந்தது. மணப்பெண்ணின் ஜாக்கெட்டை எடுத்து, இரண்டு கைகளின் தையலையும் சரசரவென்று பிரித்தார். "அய்யோ, புதுசை இன்னாத்துக்கு அறுக்கிற?" என்று அந்த அம்மா பதறினார். அக்கா ஜாக்கெட்டின் இடக்கையை வலப்பக்கமும் வலக்கையை இடப்பக்கமுமாக வைத்து, சுருக்கங்களை விரலால் தள்ளித் தள்ளிச் சமன் செய்து, குண்டூசி குத்தி, ஊசிநூலால் பெரிய பெரிய தையலாக ஓட்டினார்.

சாதாரண ஜாக்கெட்டில் இது நடக்காது. கையின் முன்பக்கத்துக்கு ஒரு வளைவு, பின்பக்கத்துக்கு ஒரு வளைவு. இடம் மாற்றினால் அக்குளில் இழுக்கும். "புட்டக் கைக்கு வலது எடது கெடையாது மா" என்றார் அக்கா, நூலைப் பல்லால் கடித்துவிட்டு. "சுருக்கம் வெக்கற கைதான? ரெண்டையும் ஒரே மாதிரிதான் வெட்டினேன். போட்டுப் பாரு கண்ணு."

மணப்பெண் உள்ளே போய் அணிந்து வந்தாள். முந்தானை வழக்கம்போல் இடது தோளில். வலது கையில், யாவரும் பார்க்கும் இடத்தில், ஜரிகை. இழுப்பில்லை, சுளிவில்லை. அவள் அம்மா சுற்றி வந்து பார்த்தார். கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு அக்காவிடம், "அந்தக் காலத்துல நானும் இதே கை வெச்சுத் தெச்சேன். எங்க அத்தை மூஞ்சியைத் திருப்பிக்கும்" என்றார். அக்கா, "எங்க நைனா பலூன்னாரு" என்றார். அதற்குப் பிறகு எனக்கு அங்கே வேலை இருக்கவில்லை; இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். கிளம்பும்போது பலகாரம் கட்டிக் கொடுத்தார்கள்.

மீதமிருந்த இருபத்து மூன்றையும் இரண்டே பகலில் பிரித்து மாற்றித் தைத்தோம். பிரிக்கும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். தையல் தெரியாத எனக்கு அது ஒன்றுதான் கொடுக்கத் தக்க வேலை என்று அக்காவும் ஏற்றுக்கொண்டார். நாற்பத்தாறு கைகளைப் பிரித்த விரல்கள், அதற்குப் பிறகு எதையும் அவசரமாக எழுதத் தயங்குகின்றன.

வரவேற்பு மேடையில் மணப்பெண் இந்தக் கதையைத் தன் தோழிகளிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரமே மாடிப்படியில் ஒருத்தி வந்து நின்று, "இங்கதான மாத்திப் போட்ட ஜாக்கெட் தெப்பீங்க?" என்று கேட்டாள். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. ஒரு கையில் மட்டும் ஜரிகை வைத்த புட்டக் கை ஜாக்கெட்டுக்குத் திருத்தணியிலும் பள்ளிப்பட்டிலும் இன்றும் அதுதான் பெயர். இயந்திரங்கள் போகவில்லை. அட்டையை நான் கழற்றிவிட்டு வேறொன்று எழுதினேன். 'வட்டாரத்தின்' என்று தொடங்காமல், ஒரு பெண் தன் இருபதாவது வயதில் தானே தைத்துப் போட்டுக்கொண்டு வீட்டில் திட்டு வாங்கிய ஜாக்கெட் இது என்று தொடங்கினேன். அக்கா படிக்கச் சொல்லிக் கேட்டு, "திட்டு வாங்கினதை எடுத்துடு. அப்புறம் எல்லாரும் தெச்சுகினாங்கன்னு போடு" என்றார். அப்படியே மாற்றினேன்.

பழைய உடைகள் திரும்பி வரும்போது எது திரும்புகிறது என்று இப்போதும் யோசிக்கிறேன். நாம் மரபு என்று வணங்கி எடுத்து உடுத்துவது, அன்று யாரோ ஒருத்தி துணிந்து செய்த குறும்பாக இருக்கக்கூடும். அதைத் தைத்தவள் இன்றும் அடுத்த தெருவில் இருக்கக்கூடும். அவளிடம் கேட்காமல் படத்தை மட்டும் பார்த்தால், ஜரிகை தவறான கையில்தான் போய் உட்காரும்.

நான் இப்போது வேறு மாவட்டத்தில் வேலை செய்கிறேன். சென்ற கிருத்திகைக்கு மலைக்குப் போய்விட்டு இறங்கும் வழியில் மாடியேறினேன். இயந்திரங்கள் ஒன்பது ஆகியிருந்தன. புகைப்படத்தைப் பழைய இடத்தில் காணவில்லை. அளவு பார்க்கும் ஆளுயரக் கண்ணாடிக்கு நேர் எதிர்ச் சுவரில் அக்கா அதை மாற்றி மாட்டியிருந்தார். கண்ணாடிக்குள் பார்த்தேன். படத்துப் பெண் நேராகிவிட்டிருந்தார்: முந்தானை இடது தோளில், மச்சம் வலது கன்னத்தில், யாரோ அதட்டி நிறுத்தியதைப் போன்ற அதே முகம்.

"இப்ப சரியாக் கீது இல்ல?" என்றபடி அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். கழுத்தில் அளவு நாடா, முகத்தில் சாக்பீஸ் தூள். கண்ணாடியில் இப்போது இரண்டு அக்காக்கள். படத்தில் இருந்தவர் சரியாகிவிட, நேரில் நின்றவர் மாறிப்போய், மச்சம் இடது கன்னத்துக்குத் தாவியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா அம்மாயி, எந்தப் பக்கம் பாக்கறதுன்னு தெரியலியா?"

நான் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அக்காவை நேரே பார்த்தேன். மச்சம் வலது கன்னத்தில் இருந்தது.